கீறல் விழுந்த இசைத்தட்டு

பல் டாக்டர் தன் கல்லூரி நாளிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த இசைத்தட்டில் ஒரு கீறல். அந்த இடத்தில் பாட்டு ஒரே சொல்லில் சிக்கிச் சுற்றும். மேஜையை ஒரு தட்டுத் தட்டினால்தான் நகரும்.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு மச்சினனிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மச்சினன் போன் செய்தான். "எங்கயுமே சிக்கல மாமா, பாட்டு வழுக்கிக்கிட்டுப் போகுது!"

டாக்டர் சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"வீடு இப்பதான் அமைதியா, அமைதியா, அமைதியா..." என்றாள் மனைவி.

பழக்கதோஷத்தில் மேஜையைத் தட்டினார்.

"இருக்கு" என்று முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து இளகினாள். "என்ன இருந்தாலும் நீங்க தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன்..."

டாக்டர் இரண்டு கைகளையும் மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.