பதில் பாட்டு

காதல் பாட்டு தொடங்கியதும் பெண்ணின் கூடப்பிறந்தவன் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்தத் திபெத்திய மேய்ச்சல்காரர்களின் வழக்கம் அது. ரின்சின் மைக்கைப் பிடித்ததுமே டோல்கரின் தம்பி தலையைக் குனிந்தபடி கூடாரத்தை விட்டுப் போனான்.

அவள் கண்கள் ஏரியாம், பற்கள் பனியாம். போன திருவிழாவில் இதே ஏரியையும் பனியையும் ரின்சின் வேறொருத்திக்குக் கொடுத்திருந்தான். பாடி முடித்து, மோதிரங்கள் மின்ன மைக்கை நீட்டினான். பதிலுக்கு அவள் ஓரடி பாடினாலும் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று பொருள்.

“பாடேன்டி, இவ்வளவு பெரிய இடம் வேற யாருக்குக் கிடைக்கும்?” என்று பெண்கள் அவளை நெட்டித் தள்ளினார்கள்.

டோல்கர் மைக்கை வாங்கினாள். பாடவில்லை.

“குரல் நல்லாத்தான் இருக்குண்ணா” என்றாள்.

சிரிப்பு அடங்கியதும், யாரோ ரின்சினுக்காகக் கூடாரத்தின் வாசல் துணியைத் தூக்கிப் பிடித்தார்கள்.