நாண் இறக்கிய வில்

கம்பளிக் கூடாரத்தின் உச்சித் துளை வழியே இறங்கும் வெயில், கண்ணுகளா, ஒயுனின் மடியில் வட்டமாக விழுகிறது. மடியில் அவள் கணவன் தம்தினின் வேட்டை வில். மானுக்குப் போகவென்று அவன் நாணேற்றிய காலையில்தான் உப்பு எடுக்கப் போகும் ஒட்டகக் கூட்டம் வந்தது. வில்லை அப்படியே மாட்டிவிட்டுக் கிளம்பினான். இருபது நாளில் வருவேன் என்று கோடையில் போனவன். இப்போது வாசலில் பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது. வில்லின் உட்புறம் ஒட்டிய கொம்புப் பட்டையில் அவள் ஆட்டுக் கொழுப்பைத் தேய்க்கிறாள்.

“நாண இறக்குங்க அண்ணி. இப்படியே வளைஞ்சு கிடந்தா வில்லோட பலம் போயிரும்,” என்கிறான் கொழுந்தன் கல்சன்.

“இறக்கிட்டா மறுபடி நீ ஏத்துவியா?”

“நானா? போன வருசம் ஏத்தப் போயி மூக்கு உடைஞ்ச கதை ஒட்டகத்துக்குக்கூடத் தெரியும். அது அண்ணன் கைக்குத்தான் வளையும்.”

“அவர் கை வளைச்சது. அதான் விட்டு வச்சிருக்கேன்.”

கல்சன் சிரிப்பை விட்டுக் கிட்ட வந்து உட்காருகிறான். விரலால் அவள் கொம்பைத் தடவுகிறாள். மயிரிழை போல ஒரு விரிசல் ஓடத் தொடங்கியிருக்கிறது. “அமுக்கிப் பிடி,” என்கிறாள். அவன் முழங்காலை வைத்து அழுத்த, அவள் நாணின் கண்ணியைக் கழற்றுகிறாள். நாணின் பிடி விட்டதும் கொம்பு வில் தன் இயல்புப்படி மறுபுறமாகச் சுருள்கிறது. ஒயுனின் கைகள் மட்டும் அது இருந்த வளைவிலேயே, வெயிலுக்குள் நீட்டியபடி இருக்கின்றன.