சுவரைப் பார்த்துச் சுட்ட பிஸ்கட்

ஒன்றாம் வகுப்பில் இடம் வேண்டுமென்றால் வீட்டில் கற்றதற்கு ஆயிரம் மதிப்பெண் சேர்ந்திருக்க வேண்டும். இன்றே கடைசி நாள். சமையலறைச் சுவரில் பள்ளிக்கூடம் பொருத்திய கேமரா பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்டது.

ஐந்து வயது மகிழினி பிஸ்கட் மாவை நட்சத்திரமாக வெட்டினாள். ஒரு விள்ளல்கூட வாயில் போடவில்லை. ருசிக்கு மதிப்பெண் கிடையாது.

ஓவனிலிருந்து எடுத்த தட்டில் அவள் விரல் பட்டுவிட்டது.

"ஐயோ, கண்ணு!" அம்மா செண்பகவல்லி தண்ணீர்ச் சொம்போடு பாய்ந்தாள்.

குழந்தை அழவில்லை. கண்ணீர் முட்ட, சுவரைப் பார்த்து, "இரும்பு சூட்டைக் கடத்தும் மிஸ்," என்றது.

சுவரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மின்னியது. இன்னும் இரண்டுதான்.

செண்பகவல்லி சொம்பைக் கீழே வைத்தாள்.

"மரம் சூட்டைக் கடத்துமாடி, கண்ணு?"