அறுபதாயிரம் மிச்சம்

“பில்டிங் சொசைட்டி ட்ரான்ஸ்பர் பீஸ் இருபத்தஞ்சாயிரத்தையும் நான் ஒருத்தனே கட்ட முடியாது அண்ணாச்சி. விக்கிறவரு பாதி, வாங்குறவன் பாதி. அதுதான் நியாயம்.”

சொல்லிவிட்டு சுயம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நியாயம் கிடைக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அந்த உட்கார்வில் தெரிந்தது.

எதிரே இருந்தவர் கோமதிநாயகம். வீட்டை விற்பவர். ரயில்வேயில் ஓய்வு பெற்று, கல்யாணில் இருக்கும் மகனோடு போய்ச் சேரப் போகிறார். நடுவில் புரோக்கர் அப்துல் ரவூப். மும்பை சுனாபட்டி ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அவருடைய சின்ன ஆபீஸில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்த பேச்சு இது. ஒரு ரூம், ஒரு கிச்சன். விலை அறுபது லட்சம் என்று நேற்றே முடிவாகிவிட்டது. மேல்செலவுகளில்தான் இழுபறி.

“சரிய்யா, பாதி நான் தாரேன்” என்றார் கோமதிநாயகம்.

“மூணு மாச மெயின்டனன்ஸ் பாக்கி நிக்கி. அதையும் நீங்கதான் தீர்க்கணும்.”

“அதையும் தீர்த்துடுதேன். சீலிங் பேனைக் கழட்டிட்டுப் போவலாம்னு இருந்தேன், அதையும் கேப்பீரு போலிருக்கே?”

“கேக்கத்தான் போறேன்.”

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். தாராவியில் இருபது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

அடுத்து ரவூப் பக்கம் திரும்பினார் சுயம்பு. “பாய், உங்க கமிஷன் ஒரு பர்சென்ட்டுங்கது ரொம்ப ஜாஸ்தி. அரைதான் தருவேன்.”

“அண்ணாச்சி, எனக்கும் குடும்பம் இருக்கு.”

“எனக்கு மட்டும் என்ன, காக்கா குருவியா இருக்கு?”

ரவூப் பெருமூச்சு விட்டார். “டீக் ஹை. அரைக்கே முடிச்சிருவோம்.”

சுயம்பு மீசையைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி மாடத்தியை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தியா என்பது போல. அவள் தலையை ஆட்டினாள்.

ரவூப் கால்குலேட்டரைத் தட்டினார். “இனி சர்க்கார் செலவு. ரெஜிஸ்ட்ரேஷன் முப்பதாயிரம். ஸ்டாம்ப் டூட்டி ஆறு பர்சென்ட். மூணு லட்சத்து அறுபதாயிரம்.”

“மூணு லட்சத்து அறுபதா! கொஞ்சம் பேசிப் பாருங்க பாய்.”

“சர்க்கார் கிட்ட பேரம் நடக்காது அண்ணாச்சி.” ரவூப் தயங்கினார். “ஒரு வழி இருக்கு. உங்களுக்கு ஒத்து வராது. விடுங்க.”

“ஒத்து வருமா வராதான்னு நான் சொல்லுதேன். என்ன வழி?”

“பொம்பளைங்க பேர்ல வாங்குனா ஒரு பர்சென்ட் தள்ளுபடி. அஞ்சு பர்சென்ட் கட்டுனா போதும். அறுபதாயிரம் மிச்சம்.”

சுயம்புவின் முகம் மாறியது. “இவ பேர்லயா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது. ரெண்டு பேரு பேரையும் சேர்த்துப் போட்டா?”

“ஆம்பளை பேரு சேர்ந்தா தள்ளுபடி இல்ல.”

“அப்ப வேண்டாம். நாளைக்கு ஒரு அவசரம்னா வீட்டை பேங்குல வச்சு நாலு காசு பொரட்டணும். என் பேர்ல இருந்தாத்தான் தோது.”

மாடத்தி முதன்முறையாக வாய் திறந்தாள்.

“அதாங்க சரி. எம்பேர்ல எதுக்கு வீடு? அறுபதாயிரம்தானே, போனா போவுது. உங்க பேர்லயே போடச் சொல்லுங்க.”

சுயம்பு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“போனா போவுதா? ஏட்டி, முன்னூறு குக்கர் வித்தாத்தான் அறுபதாயிரம் கையில நிக்கும், தெரியுமா? காசோட அருமை தெரியாம பேசுத!”

“உங்களுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேரா வந்து அறுபதாயிரம் தரப் போறாங்க? பாய், இவ பேர்லயே எழுதுங்க. பக்கா!”

“இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க” என்றாள் மாடத்தி.

“நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்.”

பத்து நாள் கழித்து, செம்பூர் பதிவு அலுவலகத்தில் மாடத்தி கேமராவைப் பார்த்தாள். கருவியில் கட்டைவிரலை வைத்தாள். கணினி அறையிலிருந்து பத்திரம் வந்ததும், சுயம்பு அதை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார். அவர் முகத்தில் பெரிய வியாபாரத்தை முடித்த பூரிப்பு.

“தம்பிக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்” என்று வராந்தாவுக்குப் போனார்.

அவர் குரல் உள்ளே வரை கேட்டது. “சுடலைக்கண்ணா, வீடு முடிஞ்சிட்டுடே! உங்க மைனி பேர்ல போட்டேன். அறுபதாயிரம் மிச்சம்! எலே, எதுக்குலே இப்படிக் கத்துத?”

பெஞ்சில் மாடத்திக்குப் பக்கத்தில் இருந்த ரவூப் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, நீங்க தனியா வந்து சொல்லிக்குடுத்தபடியே செஞ்சிட்டேன்லா? ‘மொதல்ல எல்லாத்துலயும் அவரை ஜெயிக்க விடுங்க, பேரு விஷயத்தைக் கடைசியில எடுங்க, ஒத்து வராதுன்னு சொல்லுங்க’ன்னீங்க. அப்படியே நடந்துச்சு.”

மாடத்தி பத்திரத்தைப் பைலுக்குள் வைத்தாள்.

“தாராவியில ஒண்ணு, கோபர்கைரனேல ஒண்ணு. தம்பி கேட்டான்னு ரெண்டு வீட்டை பேங்குல வச்சு, ரெண்டையும் தொலைச்சிட்டாரு பாய்” என்றாள். “இனிமே அவன் எங்கிட்டல்லா வந்து கேக்கணும்.”