நல்லதா ஒரு கிடார்

"வாசிக்கிறதை நிறுத்தறதுங்கறது நடக்காத காரியம். கிடாரையாவது மாத்தித் தொலைப்போம்" என்று மனைவி தீர்ப்புச் சொல்லி அனுப்பியதில்தான் கணக்காளர் அந்த வாத்தியக் கடைக்குள் வந்து நின்றார். இன்னும் ஒரு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்க நேர்ந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகவும் அந்த அம்மையார் அறிவித்திருந்தார். பின்னாலேயே போய்விடலாம்தான். ஆனால் மாமியார் வீட்டில் மாப்பிள்ளை மரியாதை ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

சட்டைப்பையில் இருந்தது வாஷிங் மெஷின் வாங்கச் சேர்த்து வைத்த பணம். "துணியைக் கையாலேயே கசக்கிக்கறேன். காது பிழைச்சா போதும்" என்று எடுத்துக் கொடுத்ததே மனைவிதான்.

விற்பனையாளர் தலைமுடியைக் குடுமியாகக் கட்டியிருந்தார். வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தே பணத்தை எடை போடும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. கணக்காளரின் செருப்பைப் பார்த்தார், நேரே மூலைக்குப் போய் ஒரு கிடாரைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

"உங்க பட்ஜெட்டுக்கு இதுதான் சார். பார்க்க எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!"

"பார்க்கறதுக்கு வேண்டாங்க. சத்தம் எப்படி?"

"நீங்களே வாசிச்சுப் பாருங்களேன்."

"இல்லல்ல, நீங்க வாசிங்க. நான் அந்தப் பக்கம் நின்னு கேக்கறேன்."

அந்தப் பக்கம் என்பது கடையின் சரக்கறை. கணக்காளர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் காதை வைத்தார். குடுமிக்காரர் இந்தத் தொழிலில் பல பைத்தியங்களைப் பார்த்தவர்தான். இது புது ரகமாக இருந்தது.

கம்பியை இரண்டு முறை மீட்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வேண்டாம்! தடிச்ச கம்பி கரகரங்குது. ஒட்டுப்பலகையா?"

ஒட்டுப்பலகைதான். அதை வெளிநாட்டு மரம் என்று சொல்லலாமென்று குடுமிக்காரர் இருந்தார். கணக்காளர் இந்த விஷயங்களையெல்லாம் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், மிகுந்த கடமை உணர்ச்சியோடு படித்துத் தேறியிருந்தார்.

அடுத்த கிடார். "இது சுதி நிக்காது. ரெண்டாவது பாட்டுலயே இறங்கிடும்."

அதற்கடுத்தது. "நடுநடுவுல ஏதோ புஸ்ஸுங்குதே?"

"அது நான் தும்மினது சார்."

குடுமிக்காரருக்கு மெல்ல பக்தி பிறந்தது. பெரிய பெரிய வித்வான்களே கிடாரைக் கையில் வாங்கியதும் நாலு பேர் பார்க்கும்படி விரலை ஓட்டுவார்கள். இவரோ தொடக்கூட இல்லை. புரியாத காரியத்தைச் செய்கிறவனை மேதை என்று சொல்லிவிட்டால் நமக்கும் கௌரவம், அவனுக்கும் கௌரவம். அவர் முதலாளியின் கண்ணாடி அறைக்கு ஓடினார்.

"முதலாளி, ஒருத்தர் வந்திருக்கார். சுவருக்குப் பின்னால நின்னே மரத்தைச் சொல்றார்!"

முதலாளி வந்தார். தானே ஒரு கிடாரை இறக்கினார். மேல்பலகை முழுக்க நல்ல மரம். காட்சிக்கு வைத்திருந்ததில் பக்கவாட்டில் ஒரு கீறல் விழுந்திருந்ததால் விலையும் கீழே விழுந்திருந்தது. குடுமிக்காரர் இந்த முறை பயத்தோடு வாசித்தார்.

சரக்கறைக் கதவு மெல்லத் திறந்தது. கணக்காளரின் கண் கலங்கியிருந்தது.

"இதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடலாங்க" என்றார், நடிப்பே இல்லாமல்.

தன் சரக்குக்கு இப்படியொரு பாராட்டை முதலாளி கேட்டதில்லை. "பழைய கிடாரைக் கொண்டு வாங்க சார். விலையில கழிச்சுக்கறேன்."

"அது என் கைக்கு வராதுங்க" என்று கணக்காளர் பெருமூச்சு விட்டார்.

கலைஞனுக்கும் அவன் பழைய வாத்தியத்துக்கும் உள்ள பாசத்தை நினைத்து உருகிப்போன முதலாளி, உறையை இலவசமாகக் கொடுத்தார். மறுநாள் வருத்தப்படப் போகிற முதல் காரியம் அது. இரண்டாவது காரியத்தையும் உடனே செய்தார். ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, கணக்காளரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டுத்தான் போகணும். எங்க கடைக்கு அது பெருமை."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க."

"பாருங்கடா, நிறைகுடம்!" என்றார் முதலாளி.

கடை ஊழியர்கள் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். புல்லாங்குழல் வாங்க வந்த ஒரு குடும்பமும் காரணம் தெரியாமலே சேர்ந்து நின்றது. கணக்காளர் வேறு வழியில்லாமல் கிடாரை மடியில் வைத்தார், இடவலம் மாற்றி.

"இடது கைக்காரர் போல" என்று குடுமிக்காரர் பக்கத்திலிருந்தவர் காதில் பரவசமாகச் சொன்னார்.

"எத்தனை வருஷமா வாசிக்கறீங்க சார்?" என்று முதலாளி கைகட்டிக்கொண்டு கேட்டார்.

கணக்காளர் எழுந்தார். கிடாரை அவசரமாக உறைக்குள் போட்டு மூடி, வாசலைப் பார்த்தபடி சொன்னார்:

"வாசிக்கிறது பக்கத்து வீட்டுக்காரருங்க. நான் சுவருக்கு இந்தப் பக்கம்."