ரெண்டரை மணித்தியாலம்

"கொழும்பை விட டோஹா கிட்டத்தான்" என்று நபீஸா சொன்னதும், டிக்கெட் கடையில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கணவர் அப்துல் கபூருக்கு டிக்கெட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பாருங்க, காலையில பத்துக்கு ஏறுறம், பன்ரண்டரைக்கு இறங்குறம். ரெண்டரை மணித்தியாலம்தான். காத்தான்குடியில இருந்து கொழும்புக்கு பஸ்ஸில எட்டு மணித்தியாலம் போறமே."

கடைக்காரர் இப்றாஹிமுக்கு ஒரு பிழையைக் கண்டால் நாக்கு சும்மா கிடக்காது. பத்து மணி என்பது இலங்கை நேரம், பன்னிரண்டரை டோஹா நேரம். அங்கே கடிகாரம் இரண்டரை மணித்தியாலம் பிந்தி. பறப்பது என்னவோ முழுசாக ஐந்து மணித்தியாலம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்க, இந்த மனுசிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் நபீஸா, பாஸ்போர்ட் பிரதி எடுத்து வரும்படி கணவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டாள். அவர் தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அஞ்சு மணித்தியாலம் எண்டு எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லிராதீங்க."

இப்றாஹிம் விழித்தார்.

விஷயத்தை அவளே சொன்னாள். நாள் முழுக்க வாவியில் தோணியோடு கிடக்கிற மனிதருக்கு, கதவை மூடினால் மூச்சு முட்டும். கொழும்பு பஸ்ஸிலேயே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி நின்றால்தான் ஆள் சரியாவார். டோஹாவில் மகள் நிஸ்மியாவுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். பக்கத்தில் யாருமில்லை. கணவர் துணையில்லாமல் நபீஸா பயணம் போகிற வழக்கமும் இல்லை. மாதக்கணக்காக மாட்டேன் என்றவர், ரெண்டரை என்று அவள் போனில் காட்டியதும் நேற்றுத்தான் சம்மதித்திருக்கிறார்.

"ஏறின பிறகு தெரிஞ்சாலும் பரவாயில்ல. நான் கையைப் புடிச்சிக்குவன்" என்றாள்.

இப்றாஹிமுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி லாத்தா, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

டிக்கெட் எடுத்த சந்தோசத்தை மகளுக்குச் சொல்ல அவள் போனோடு வாசலுக்குப் போனாள். பிரதிகளோடு திரும்பி வந்த கபூர், அவற்றை மேசையில் வைத்தார். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மேசைக்கு மேலாகக் குனிந்தார்.

"தம்பி, பறக்குறது அஞ்சு மணித்தியாலம் எண்டு மருமகன் போன கிழமையே சொல்லிட்டார். அவவுக்குச் சொல்லிராதீங்க. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா, என்னை நினைச்சே இந்தப் பயணம் வேணாம் எண்டுருவா."