யார் வயிறு?

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே உளறிவிடுகிறவள் நான். இந்தத் தடவையாவது வாயைக் கட்டிக்கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

டோக்கியோவில் ஓர் ஒலிப்பதிவு அறை. நிஞ்சா அனிமேஷன் படத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். திரையில் கோட்டைக் கூரை மேல் கத்திகள் பறக்கும். ஆனால் நிஜ நிஞ்சாக்கள் நாங்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, சரசரக்காத துணி உடுத்தி, கையிலுள்ள வசனத் தாள்கூடச் சத்தம் போடாமல் மைக்குக்கு வந்து போக வேண்டும்.

எங்களுக்கெல்லாம் பெரிய பயம் வயிறுதான். அது உறுமினால் மைக் விடாது.

அன்று கோட்டைக் காட்சி. தரைப்பலகைக்கு அடியில் நிஞ்சாப் பெண் பதுங்கியிருக்கிறாள். மேலே ஈட்டியோடு கோட்டைக்குச் சொந்தக்காரப் பிரபு. அவள் மூச்சு மட்டும்தான் கேட்க வேண்டும்.

பிரபுவுக்குக் குரல், பேர் பெற்ற குராமோச்சி ஐயா. நிஞ்சாவுக்கு மிசோனோ. நேற்று வரை என்னோடு கூட்டத்தில் நின்று, "ஐயோ, தீ!" என்று கத்திக்கொண்டிருந்த பெண். இதுதான் அவளுக்கு முதல் வேடம். கிராமத்துக்காரியாக அலற வேண்டிய நான் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

மூச்சு... மூச்சு... கர்ர்ர்.

"யார் வயிறு அது?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் நிஷிகோரி.

மறுபடி எடுத்தோம். மறுபடி கர்ர்ர்.

"நிஞ்சா ஒளிஞ்சிருக்காளா, கரடி ஒளிஞ்சிருக்கா? யாருன்னு சொல்லுங்க. இப்பவே ஆளை மாத்திடறேன்!"

மிசோனோ வெளிறிப்போனாள்.

"என் வயிறுதான்," என்றார் குராமோச்சி. "மாத்திடறியா?"

டைரக்டரின் குரல் சட்டென்று இறங்கியது. "ஐயோ, உங்களைச் சொல்லலை ஐயா..."

"பசிக்குது. சோத்து உருண்டை வராம இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலை நின்றது. உதவியாளர் கடைக்கு ஓடினார். சுவரோரம் முணுமுணுப்பு.

"பெரிய ஆளுன்னா வீட்டுல சாப்பிட்டு வரக் கூடாதா?"

"வயசாக வயசாக நாக்கு நீளுது!"

நான் வசனத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கெதற்கு வம்பு?

பெட்டி வந்தது. குராமோச்சி ஓர் உருண்டையைக் கடித்து முகம் சுளித்தார்.

"உள்ளே ஊறுகாய். புளிக்குது. ஏய் நிஞ்சா! மிச்சமெல்லாம் நீ தின்னு. ஒரு பருக்கை வீணாகக் கூடாது."

"ஐயா, எனக்கு..."

"தின்னுன்னா தின்னு. எதிர்த்துப் பேசற நிஞ்சாவை எங்கயாவது பார்த்திருக்கியா?"

"வேண்டாததைத் தள்ளிவிட இவ ஒருத்தி கிடைச்சா," என்றார் பின்னால் யாரோ.

மிசோனோ குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் தின்று முடித்தாள்.

அடுத்த தடவை அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மாலையில் டைரக்டர் என்னை நடையில் மடக்கினார்.

"தெருயோ அம்மா, நடுவுல நின்னது நீங்கதான். உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு வயிறுதானே? அவளா இருந்தா நாளைக்கு வேற ஆள்."

பொய் என்று தெரிந்தால் அலறுகிற வேலையும் போய்விடும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

"குராமோச்சி ஐயாவோடதுதான் சார். என் காதால கேட்டேன்."

அன்று காலை ஸ்டேஷன் நூடுல்ஸ் கடையில் அவர் என் பக்கத்தில் நின்று, இரண்டாவது கிண்ணத்தையும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து ஏப்பம் விட்டதை மட்டும் சொல்லவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாளிலிருந்து இரண்டு சோற்று உருண்டை கொண்டு போகிறேன். மிசோனோ ஒன்றைத் தின்று முடிக்கும்வரை நான் மைக் பக்கமே போவதில்லை.